பல்லில் கிளிப், பாட்டில் கலகம்: யார் இந்த பாலி ஸ்டைரீன்?

தெர்மாகோல் தெரியும்ல? அது எந்த பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறதோ, அந்த பாலிஸ்டைரீனையே தன் மேடைப் பெயராக்கிக்கொண்டவர் மரியான் எலியட். 1957-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளையர். பாப் நட்சத்திரங்களும் யூஸ் பண்ணித் தூக்கிப்போடும் பொருள்தான் என்ற கிண்டல் அந்தப் பெயரிலேயே இருந்தது.

1976-ல் தன் 19-வது பிறந்தநாளில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்தார். அந்த உற்சாகத்தில், விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழுவைத் தொடங்கினார்.

பங்க் என்றாலே அரசைத் திட்டுவது என்று நினைப்போம். பாலி குறிவைத்தது விளம்பரத்தையும் நுகர்வு மோகத்தையும். வாங்குற பொருள்தான் நம்ம அடையாளமா? 1978-ல் வந்த 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' ஆல்பத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கவர்ச்சிப் பதுமையாக மறுத்து, பல் கிளிப்போடே மேடையேறினார்.

புகழின் அழுத்தம் அவரைச் சாய்த்தது. 1979-ல் குழு கலைந்தது. ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர்கள் சொன்னது தவறு, அது பைபோலார் என்பது பல வருஷம் கழித்தே தெரிந்தது.

2011 ஏப்ரலில், 53 வயதில், புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு வெளியான கடைசி ஆல்பத்திலும் கிண்டல் குறையவில்லை. இந்த முறை சிக்கியது, இணையக் காதல்!