சிங்கப்பூர் கண்ட நாராயண பிள்ளை

நம் திருவண்ணாமலையில் பௌர்ணமி நாளன்று தேரடி வீதிக் கடைக்காரர்கள், கிரிவலம் வரும் ஆந்திர மக்களிடம் தெலுங்கிலேயே விலை பேசுவதைக் காண்கிறோம். இத்தகைய வணிகத்தைக் கடல் கடந்து, பல இனத்தார் கூடிய அயல்மண்ணில் நிலைநாட்டிய தமிழர் ஒருவரின் வாழ்வை ஈண்டு மாணவர்க்கு உரைக்க விழைகின்றோம்.

பினாங்கில் அரசுப் பணியிலிருந்த நாராயண பிள்ளை, 1819 மே மாதம் இராபிள்சுடன் இந்தியானா என்னும் கப்பலில் சிங்கப்பூர் சேர்ந்தார். கருவூலத்தில் நாணயங்களைச் சரிபார்ப்பதே அவர்தம் முதற்பணி. ஆனால் அவர் கண்கள் ஊரின் தேவையை அளந்தன. எங்கும் கட்டடங்கள் எழும்பவிருந்தன, செங்கல்லோ இல்லை. பினாங்கிலிருந்த தமிழ் நண்பர்களுக்கு எழுதிக் கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகியோரை வரவழைத்தார். தீவின் முதற் செங்கற்சூளை அவருடையதே.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படித் தீவில் வாழ்ந்தோர் 10,683 பேர். மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, பூகிசு இனத்தார் 1,925. இந்தியரோ 756 பேரே. தம்மவரை மட்டும் நம்பிக் கடை விரித்திருந்தால் பிள்ளையின் வாணிகம் ஒரு தெருவுக்குள் ஒடுங்கியிருக்கும். செங்கல்லுக்கும் துணிக்கும் இனம் ஏது? உழைப்பாளரைத் தம்மவரிடையே தேடினார். வாங்குவோரை எல்லாரிடமும் தேடினார். அவருடைய வெற்றியின் அடிப்படை இதுவே என்பது எம் கருத்து.

ஆங்கிலேய வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்துக் கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடை நடத்தினார். 1822இல் கடை தீக்கிரையாயிற்று. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் எஞ்சியது. சிறு வணிகர் பலர் இரவோடிரவாகக் கப்பலேறிவிடும் நிலை அது. பிள்ளை ஊரை விட்டு அகலவில்லை. இராபிள்சை அணுகி, வணிகச் சதுக்கத்தில் நிலம் பெற்றுக் கிடங்கெழுப்பி, இழந்ததை மீட்டார். வெள்ளையர் தயவால் பிழைத்தார் என்று இதனைச் சுருக்கிவிடுதல் தகாது. நின்று கடனடைப்பார் என்னும் நம்பிக்கை இல்லாதவர்க்கு நிலம் கிட்டுவதும் அரிது, மீண்டும் சரக்குக் கிட்டுவதும் அரிது.

செல்வத்தோடு பொறுப்பும் வந்தது. தமிழரிடையே எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் அவருக்கு அளிக்கப்பட்டது. குடியேறியோர் வழிபட, சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் மரத்தாலும் ஓலையாலும் மாரியம்மன் கோயில் எழுப்பினார். அதே சாலையில், அதற்கு ஓராண்டு முன்னரே சூலியா முஸ்லிம் வணிகர்கள் ஜாமிஆப் பள்ளிவாசலை நிறுவியிருந்தனர். இரண்டும் இன்றும் சில அடித் தொலைவிலேயே நிற்கின்றன.