விமான இன்ஜினை காரில் மாட்டிய கோடீஸ்வர இளைஞன்!

'சிட்டி சிட்டி பேங் பேங்' படத்தைச் சின்ன வயசுல டி.வி-யில பார்த்தவங்களுக்கு, இறக்கை முளைச்சு வானத்துல பறக்கிற அந்த கார் ஞாபகம் இருக்கும். ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங் குழந்தைகளுக்காக எழுதிய கதை அது. 1964-ல் புத்தகமும் 1968-ல் படமும் வந்தன. அந்தப் பெயர் மட்டும் கற்பனை இல்லை. அதுக்கு 43 வருஷம் முன்னாடியே 'சிட்டி பேங் பேங்' என்ற பெயரில் ஒரு நிஜ கார் இங்கிலாந்தில் ஓடியிருக்கு. அது பறக்கலை. ஆனா, அதுக்குள்ளே இருந்தது விமானத்தோட இன்ஜின்!

அந்த காரை உருவாக்கியவர் கவுன்ட் லூயிஸ் ஸ்போரோவ்ஸ்கி. 1895-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா வில்லியமும் ரேஸ் பைத்தியம்தான். 1903 ஏப்ரல் 1-ம் தேதி, பிரான்ஸில் லா டர்பி மலைப்பாதையில் நடந்த போட்டியில், அவர் ஓட்டிய மெர்சிடிஸ் பாறையில் மோதி அங்கேயே இறந்துபோனார். சட்டைக் கையில் போட்டிருந்த கஃப்லிங்க், ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த த்ராட்டில் லீவரில் மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று ஒரு கதை பல வருஷம் சுற்றியது. அப்போ லூயிஸுக்கு 8 வயசு.

அம்மா மார்கரெட், அமெரிக்காவின் பெரும் பணக்கார ஆஸ்டர் குடும்பத்து வாரிசு. அவரும் 1911-ல் இறந்துவிட, 16 வயசுப் பையன் கையில் நியூயார்க் மன்ஹாட்டனின் நிலங்களும், இங்கிலாந்தில் கேன்டர்பரி பக்கத்தில் 'ஹையம் பார்க்' என்ற பிரமாண்ட மாளிகையும் வந்து சேர்ந்தன. வேண்டாம்னு சொல்ல வீட்டில் யாருமே இல்லை. அப்பாவைக் கொன்ற விளையாட்டைத்தான் பையன் தேர்ந்தெடுத்தான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஒரு வினோதமான நிலைமை. நாலு வருஷமா ராப்பகலாகத் தயாரித்துக் குவித்த விமான இன்ஜின்களுக்கு திடீர்னு வேலை இல்லாமப் போச்சு. தோற்றுப்போன ஜெர்மனியோ போர் விமானமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம். அருமையான இன்ஜின்கள் பழைய இரும்பு மாதிரிக் கிடைத்தன. ஸ்போரோவ்ஸ்கி வாங்கியது 6 சிலிண்டர் மேபாக் இன்ஜின். கொள்ளளவு 23 லிட்டர். நாம ஓட்டுற சாதாரண 1.2 லிட்டர் ஹேட்ச்பேக் கார்கள் 19 சேர்ந்தாதான் அது ஒண்ணுக்கு சமம்!

இதைத் தூக்கி வைக்க அவர் எடுத்தது, போருக்கு முந்தைய பழைய மெர்சிடிஸ் ஒன்றின் சேஸிஸ். கூட நின்றவர் கேப்டன் கிளைவ் கேலப் என்ற இன்ஜினீயர். ஹையம் பார்க் வளாகத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை நடந்தது. இன்ஜினை மாத்துறதுன்னா பழசைக் கழற்றிவிட்டுப் புதுசை போல்ட் போட்டு முறுக்குறது இல்லையே! இடம் போதாததால் சேஸிஸை நீளமாக்க வேண்டியிருந்தது. விமான இன்ஜின், ப்ரொப்பல்லரைச் சுற்றுவதற்காகவே செய்யப்பட்டது. நிமிஷத்துக்குச் சுமார் 1,500 சுற்றுக்கு மேல் போகாது. ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் யானை பலம். அதனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே சக்கரம் வேகமாக ஓடுகிற மாதிரி பல் சக்கரங்களின் விகிதத்தை அமைக்கணும். பின் சக்கரங்களுக்கு சக்தி போனது செயின் வழியாக. சைக்கிள் செயின் தத்துவம்தான், சைஸ்தான் வேற.

இதெல்லாம் சட்டப்படி சரியான்னு கேட்கத் தோணும். ஆர்.சி புக்கில் ஒரு எழுத்து மாறினாலே ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு அலைகிற நமக்கு, அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தைப் படித்தால் ஆச்சர்யமா இருக்கு. 1903-ம் வருஷ மோட்டார் கார் சட்டப்படி வண்டியைப் பதிவு பண்ணணும், நம்பர் பிளேட் மாட்டணும், ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸுக்கு டெஸ்ட் கிடையாது, அது 1935-ல்தான் கட்டாயமாச்சு. அடுத்து வந்த விதிகள் தனித்தனியா ரெண்டு பிரேக் கேட்டன. எந்த சேஸிஸில் எந்த இன்ஜின் வைக்கலாம் என்று யாரும் கேட்கவே இல்லை. பழைய வண்டிகளுக்கு வருஷா வருஷம் தகுதிச் சோதனை என்பது பிரிட்டனில் 1960-ல்தான் தொடங்கியது.

அரசாங்கம் கணக்குப் பார்த்தது வரியில்தான். 1921 ஜனவரியிலிருந்து ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு சாலை வரி. நிஜத் திறனை அளந்து பார்க்க மாட்டார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்கணும். அவ்வளவுதான் ஃபார்முலா. மேபாக் இன்ஜினின் விட்டம் 165 மில்லிமீட்டர். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், 101 குதிரைத்திறன் வருது. அதாவது, ரோட்டில் இறக்கணும்னா வருஷத்துக்கு 101 பவுண்டு! அப்போ ஊரெல்லாம் ஓடிய ஃபோர்டு மாடல் டி காருக்கு 23 பவுண்டுதான். அவ்வளவு வரி கட்டினாலும் பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது. அந்த வரம்பு 1930 வரைக்கும் இருந்தது.

ரேஸ் மைதானத்தில் அந்த வரம்பு இல்லை. 1921 ஈஸ்டர் சமயம், ப்ரூக்லேண்ட்ஸ் டிராக்கில் சிட்டி பேங் பேங் முதல்முறையாக இறங்கியது. கட்டம் போட்ட பெரிய தொப்பிகளோடு ஸ்போரோவ்ஸ்கியும் அவர் ஆட்களும் வந்து நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அன்றைக்கே ரெண்டு பந்தயத்தில் ஜெயித்தது. வேகம் மணிக்கு 100 மைலுக்கு மேல். பெயர் எப்படி வந்தது? இன்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போது எழும் சத்தம் என்பது ஒரு விளக்கம். போர்க்கால சிப்பாய்கள் பாடிய ஒரு கொச்சைப் பாட்டு என்பது இன்னொன்று. அந்தப் பாட்டைப் பற்றி இங்கே வேண்டாம்! சத்தம் தாங்காமல் கேன்டர்பரி நகரம் இந்த கார்களுக்குத் தடையே போட்டது என்ற கதையும் உண்டு.

அடுத்து செய்த சிட்டி 2-ல் 18.8 லிட்டர் பென்ஸ் விமான இன்ஜின். இது ரோட்டுக்கும் ஏற்ற வண்டி. 1922 தொடக்கத்தில் மனைவி வயலெட், நண்பர்களோடு இதை ஓட்டிக்கொண்டு பிரான்ஸைக் கடந்து, கப்பலில் ஏற்றி, சஹாரா பாலைவனம் வரைக்கும் போய்வந்தார். கையால் கட்டிய ஒரு வண்டி அந்தத் தூரம் போய்த் திரும்பியது, என்னைக் கேட்டால் ரேஸ் வெற்றிகளைவிடப் பெரிய சாதனை.

ஆனா, இன்ஜின் எவ்வளவு பெரிசா இருந்தாலும் வண்டி தரையைத் தொடுவது டயர் வழியாகத்தானே. அதே 1922-ல் ப்ரூக்லேண்ட்ஸில் பயிற்சி ஓட்டத்தின்போது முதல் சிட்டியின் முன் டயர் வெடித்தது. கார் கட்டுப்பாட்டை இழந்து நேரம் குறிக்கும் குடிசையில் போய் மோதியது. உள்ளே இருந்த அதிகாரி கை விரல்களை இழந்தார். ஸ்போரோவ்ஸ்கிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறாத வண்டிதான் அது. ஆனா, அந்தக் கால டயர், பழைய சேஸிஸ், அதுமேல இத்தனை பெரிய இன்ஜின்... அடிபட்டது பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன்.

மனுஷன் நிறுத்தவில்லை. சிட்டி 3 வந்தது. பிறகு 27 லிட்டர், 12 சிலிண்டர் அமெரிக்க லிபர்ட்டி விமான இன்ஜினோடு 'ஹையம் ஸ்பெஷல்' என்ற ராட்சசன். நடுவில் பணக் கஷ்டத்தில் இருந்த ஆஸ்டன் மார்ட்டினுக்குக் காசு கொடுத்ததும், 1923-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் புகாட்டி ஓட்டியதும் இவர்தான்.

1924-ல் மெர்சிடிஸ் அணி அவரைக் கூப்பிட்டது. அப்பா உயிரை விட்டதும் ஒரு மெர்சிடிஸில்தான். அக்டோபர் 19, இத்தாலியின் மோன்ஸா டிராக். இந்த முறை அவர் ஓட்டியது தன் ஒர்க்‌ஷாப்பில் கட்டிய வண்டி இல்லை. கம்பெனியே ரேஸுக்காக வடிவமைத்த 2 லிட்டர் கார். வளைவில் கட்டுப்பாடு இழந்து மரத்தில் மோதியது. 29 வயசு. அப்பாவின் அதே கஃப்லிங்க்கை அன்று அவர் அணிந்திருந்ததாகச் சொல்வார்கள். அது கதையாகவே இருக்கட்டும். லெஸ்டர்ஷையர் கிராமம் ஒன்றின் தேவாலயத்தில், அப்பா அம்மா பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஹையம் ஸ்பெஷலை 125 பவுண்டுக்கு வாங்கினார் பேரி தாமஸ் என்ற இன்ஜினீயர். 'பேப்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்து, நிறைய மாற்றங்கள் செய்து, 1926 ஏப்ரலில் வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 171 மைல் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த மார்ச்சில், பறிபோன அந்த சாதனையை மீட்கும் முயற்சியில், அதே மணலில் அதே காரில் இறந்துபோனார். காரை அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

42 வருஷம் மணலுக்குள் கிடந்த பேப்ஸை 1969-ல் வேல்ஸ்காரர் ஒருவர் தோண்டி எடுத்தார். உப்பு அரித்து உருக்குலைந்திருந்த வண்டியைப் பல வருஷம் உழைத்துச் சரிசெய்து, அந்த லிபர்ட்டி இன்ஜினை மறுபடி உறும வைத்தார். முதல் சிட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சஹாரா பார்த்த சிட்டி 2 மட்டும், நூறு வருஷம் தாண்டி இன்னும் பத்திரமா இருக்கு.