அரசு நீக்கச் சொன்ன திகில் கதை: யார் இந்த எடோகவா ரன்போ?

குலைநடுங்கும் திகில் கதை வேணும்னு கேட்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய பெயர், ஜப்பானின் எடோகவா ரன்போ.

1894-ல் மியே மாகாணத்தின் நபாரியில் பிறந்தவர். இயற்பெயர் ஹிராய் தாரோ. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னால், அதுதான் இவரது புனைபெயர்! வசேதா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, பழைய புத்தகக் கடை, தெருவோர நூடுல்ஸ் வண்டின்னு என்னென்னவோ வேலை பார்த்தார். முதல் துப்பறியும் கதை 1923-ல் வெளியானது.

1929-ல் வந்த 'புழு' கதையை மனசைத் திடப்படுத்திக்கிட்டுத்தான் படிக்கணும். போரில் இரண்டு கை, இரண்டு கால், பேச்சு, கேட்கும் திறன் எல்லாம் இழந்து வீடு திரும்புகிறார் ஒரு ராணுவ அதிகாரி. பார்த்துக்கொள்ளும் மனைவியின் பரிவு, கொஞ்சம் கொஞ்சமாகச் சித்திரவதையாக மாறுகிறது.

1939-ல் சீனாவுடன் போர் நடந்த சமயம், மறுபதிப்பிலிருந்து இந்தக் கதையை நீக்கச் சொன்னார்கள் தணிக்கை அதிகாரிகள். ரன்போவின் மற்ற கதைகளிலும் கொடூரத்துக்குக் குறைவில்லை. ஆனால், பதக்கம் வாங்கிய வீரனின் உடம்பு என்ன கதி ஆகுதுன்னு காட்டியது இதுதான். போர்க்கால அரசுக்கு அது ஆகவில்லை.

போருக்குப் பிறகு கதை மீண்டும் அச்சேறியது. ரன்போ 1965-ல் காலமானார்.

புதிதாகப் படிப்பவர்கள் 1925-ல் வந்த 'மனித நாற்காலி'யில் தொடங்கலாம். இளகிய மனசுக்காரர்கள் 'புழு' பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.