பெரிய சக்கரமும் ஒரு கிண்ணம் தயிரும்

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீங்க. கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்வெளி. நடுவுல ரெண்டு வெள்ளைக் கூடாரம், ஒரு ஆட்டு மந்தை. ஹெல்மெட் போட்ட ஆறேழு பேர் மௌண்டன் பைக்ல இறங்கி வர்றாங்க. மங்கோலியாவோ லடாக்கோ, ஏதோ ஒரு இடம். முன்னாடி வழி தெரிஞ்ச கைடு, பின்னாடி பையைத் தூக்கிட்டு வர ஒரு ஜீப், சாயங்காலம் சூடா சமைச்சுப் போட ஒரு ஆள். ஹாஸ்டல் ரூம்ல படுத்துக்கிட்டு நானும் அதை சேவ் பண்ணி வெச்சிருக்கேன். பிளேஸ்மென்ட் கிடைச்சு, முதல் ரெண்டு மூணு சம்பளம் சேர்ந்ததும் போகலாம்னு ஒரு நினைப்பு.

அந்த மாதிரி நாடோடி மேய்ப்பர்கள் வாழும் மலைநாட்டு வழியா, 1885-லயே ஒருத்தர் சைக்கிள்ல போயிருக்கார். ஜீப் கிடையாது. சமையல்காரர் கிடையாது. அவர் பேர் தாமஸ் ஸ்டீவன்ஸ். உலகத்தைச் சைக்கிளில் சுற்றி வந்த முதல் மனிதர்னு புத்தகங்கள் சொல்லும். தனியாப் போனார்னும் சொல்லும். அந்தத் தனியாங்கிற வார்த்தை எனக்குக் கொஞ்சம் இடிக்குது. ஏன்னு கதையைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

வேலை போன ஆளு

ஸ்டீவன்ஸ் 1854 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில் பெர்க்கம்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. பதினாறு, பதினேழு வயசில் பிழைப்பு தேடி அமெரிக்கா போனார். வயோமிங்கில் ரயில்வே பட்டறையில் வேலை. அங்கே ஒரு வில்லங்கம் பண்ணினார். இங்கிலாந்திலிருந்து ஆட்களை வரவழைத்து வேலை வாங்கித் தர அவர்களிடமே காசு வாங்கினார். விஷயம் வெளியே வந்தது, வேலை போச்சு. அடுத்து கொலராடோவில் சுரங்க வேலை. அங்கேதான் ஒரு யோசனை உதித்தது: அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சைக்கிளில் கடந்தால் என்ன?

அதாவது நம்ம ஹீரோ ஒலிம்பிக் வீரர் இல்ல, பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்ல. சொந்தத் தப்பால வேலையை விட்ட ஒரு ஆள். முப்பது வயசு நெருங்குது. கையில பெருசா எதுவும் இல்ல.

அந்த சைக்கிளைக் கொஞ்சம் பாருங்க

இங்க ஒரு நிமிஷம் நின்னு மெஷினைப் பார்க்கணும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது பிடிக்கும்.

அவர் வாங்கினது போப் கம்பெனியின் கொலம்பியா சைக்கிள். முன்னாடி ராட்சத சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம் இருக்குமே, அந்த பென்னி ஃபார்திங் ரகம். முன் சக்கரத்தின் விட்டம் 50 அங்குலம். செயின் கிடையாது, கியர் கிடையாது. பெடல் நேரா முன் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். பெடலை ஒரு சுற்று சுற்றினா சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான். சுற்றளவைக் கணக்குப் போடுங்க, கிட்டத்தட்ட 4 மீட்டர் வரும்.

நீங்க ரீல்ல பார்த்த மௌண்டன் பைக்ல லோ கியர் போட்டா, பெடலின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். அதனாலதான் ஏத்தத்துல மூச்சு முட்டினாலும் மிதிச்சு ஏறிட முடியுது. ஸ்டீவன்ஸ் சமதளத்துக்கும் மலைக்கும் அதே 4 மீட்டரைத்தான் மிதிச்சாகணும். முடியாது. இறங்கித் தள்ளணும். இறக்கத்துல இன்னும் மோசம். ஆள் உட்கார்ந்திருக்கிறது சக்கரத்தின் உச்சியில, கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலே. முன் சக்கரம் ஒரு கல்லுல இடிச்சா போதும், வண்டி முன்பக்கமாக் கவிழ்ந்து ஆள் தலைகுப்புற விழுவார். டயர் கெட்டி ரப்பர். காற்றடைத்த டயரை டன்லப் கொண்டு வந்தது 1888-ல்தான்.

1884 ஏப்ரல் 22, காலை 8 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். ஹேண்டில்பார் பையில் காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படும் ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அவ்ளோதான் லக்கேஜ். ஆகஸ்ட் 4-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். சுமார் 3,700 மைல். அதில் மூன்றில் ஒரு பங்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான். ஏன்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

அந்தக் குளிர்காலத்தை நியூயார்க்கில் கழித்தார். அவுட்டிங் என்ற பத்திரிகை அவரை நிருபராக்கி, மீதி உலகத்தையும் சுற்றிவிட்டு எழுதச் சொன்னது. 1885 மே மாதம் லிவர்பூலில் கிளம்பி, பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா வழியாக கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், வந்து சேர்ந்தார். அதுவரை பல இடங்களில் நல்ல சாலை, விடுதி, வரவேற்க சைக்கிள் கிளப் ஆட்கள். அதற்கு அப்புறம்தான் கதையே.

கறுப்புக் கூடாரங்கள்

கான்ஸ்டான்டிநோபிளில் அவரை எல்லோரும் பயமுறுத்தினார்கள். கிழக்கே கொள்ளைக்காரர்கள், மலை முழுக்க குர்து இன நாடோடிகள், போனால் திரும்பி வர மாட்டாய் என்று. கொஞ்ச நாள் தங்கி, கூடுதல் ஆரக்கம்பிகளும் டயரும் வாங்கிக்கொண்டார். முன்னதைவிட நல்ல துப்பாக்கியும் வாங்கினார். ஆகஸ்டில் அனடோலியாவுக்குள் நுழைந்தார்.

கோடையில் அந்த மலைப்பக்கம் எப்படி இருக்கும்னு சொல்றேன். குளிர்காலத்தைப் பள்ளத்தாக்கில் கழிக்கும் மேய்ப்பர்கள், வெயில் ஏறியதும் மந்தையோடு மேலே போவார்கள். கோடை மேய்ச்சல் நிலத்துக்கு அங்கே யைலா என்று பெயர். ஆட்டு மயிரில் நெய்த கறுப்புக் கூடாரங்கள். அந்தத் துணியில் ஒரு சூட்சுமம் உண்டு. வெயிலில் நூல்களுக்கு இடையே காற்று புகும். மழை பட்டால் நூல் ஊறி உப்பி, இடைவெளி அடைபட்டுவிடும். உள்ளே பெண்கள் பகுதியைப் பிரிக்க நாணல் தட்டி. வாசலில் நாய்கள். ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருக்க முள் வைத்த இரும்புப் பட்டை போட்ட, கன்றுக்குட்டி அளவு நாய்கள்.

இந்த நாய்கள்தான் ஸ்டீவன்ஸுக்குப் பெரிய தலைவலி. சுற்றும் சக்கரத்தைப் பார்த்தாலே பாய்ந்து வரும். கையில் துப்பாக்கி இருந்தும் சுட முடியாது. மேய்ப்பனுக்கு நாய்தான் காவல், நாய்தான் சொத்து. ஒன்றைக் கொன்றால் அந்தக் கிடை முழுவதும் பகையாகிவிடும். கொள்ளைக்காரனுக்காக வாங்கின துப்பாக்கி, நாய்கிட்டயே செல்லுபடி ஆகல பாருங்க.

நாயைத் தாண்டி உள்ளே போனால் என்ன நடந்தது? உட்காரச் சொன்னார்கள். ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தயிர் வைத்தார்கள். ரொட்டி, சில இடங்களில் சோறு. படுக்க இடம். மொழி தெரியாத, மதம் தெரியாத, ராட்சத சக்கரத்தோடு வந்து நின்ற ஒரு ஆளுக்கு. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதில் ஏறி ஓட்டிக் காட்டு. மேடோ, பள்ளமோ, கல்லோ, அவர் எவ்வளவு களைத்திருந்தாலும் சரி, ஓட்டிக் காட்டியே ஆகணும். ஊருக்கு ஊர், கூடாரத்துக்குக் கூடாரம் இதே கதை. சில நாள் பயணத்தைவிட இந்த ஷோதான் அவரை அதிகம் சோர்வாக்கியது.

நடுநடுவே ஊர் அதிகாரிகள் காவலுக்குக் குதிரை வீரனை அனுப்புவார்கள். சமதளத்தில் சைக்கிள் முன்னே பறக்கும், குதிரை பின்னே ஓடும். ஏத்தம் வந்தால் எல்லாம் தலைகீழ். குதிரை முன்னே போகும், நம்ம ஆள் பின்னே தள்ளிக்கொண்டு வருவார்.

சிவாஸ், எர்சுரூம் தாண்டி, அரராத் மலையைப் பார்த்தபடி பாரசீகத்துக்குள் நுழைந்தார். செப்டம்பர் முடியும்போது தெஹ்ரானில் இருந்தார். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கல். ஷா நசிருத்தீன் முன்னாலும் ஓட்டிக் காட்டினார். மேய்ப்பர் கேட்டதையேதான் மன்னரும் கேட்டார்.

கைதியாக ஒரு சுற்று

1886 மார்ச்சில் மறுபடி கிளம்பியபோது அரசியல் குறுக்கே வந்தது. முந்தைய ஆண்டுதான் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படையும் ஆப்கான் படையும் மோதி, பிரிட்டனும் ரஷ்யாவும் போரின் விளிம்பு வரை போயிருந்தன. அவர் போக நினைத்த பாதைக்கு ரஷ்யா அனுமதி தரவில்லை. ஆப்கானிஸ்தானுக்கும் அனுமதி இல்லை. இவர் அனுமதி இல்லாமலே நுழைந்தார். ஃபரா என்ற ஊரில் பிடித்தார்கள். ஹெராத் வரை காவலோடு கொண்டு போய், பாரசீக எல்லைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தியாவுக்கு நேர்வழி மூடியாச்சு. காஸ்பியன் கடலைக் கப்பலில் கடந்து, பாகுவிலிருந்து ரயில் பிடித்து, திரும்பவும் கான்ஸ்டான்டிநோபிள் போய், அங்கிருந்து கப்பலில் கராச்சி வந்தார். லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டினார். அடுத்து தெற்குச் சீனா. பிரான்ஸோடு போர் முடிந்த சூடு அங்கே ஆறவில்லை. ஓரிடத்தில் கூட்டம் கல்லெறிந்து துரத்த, ஒரு சீன அதிகாரிதான் உள்ளே வைத்துக் காப்பாற்றினார். கடைசியாக ஜப்பான். 1886 டிசம்பர் 17-ல் யோகோஹாமாவில் சைக்கிள் நின்றது. சுமார் 13,500 மைல். ஜனவரி 1887-ல் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார்.

அதே பாதையில் இன்னொருவர்

இங்கே முடிச்சா இது வெற்றிக் கதை. ஆனா இன்னொரு பேரைச் சொல்லாம முடிக்க எனக்கு மனசு வரல. ஃபிராங்க் லென்ஸ். பிட்ஸ்பர்க் நகரத்துக் கணக்கர். அதே அவுட்டிங் பத்திரிகைக்காக 1892-ல் உலகம் சுற்றக் கிளம்பினார். அவருடைய சைக்கிள் ரொம்ப நவீனம்: ரெண்டு சக்கரமும் ஒரே அளவு, செயின், காற்றடைத்த டயர். சீனாவைக் கடந்து, பர்மா, இந்தியா, பாரசீகம் தாண்டி, 1894 மே மாதம் எர்சுரூமை நோக்கி வந்தார். வந்து சேரவே இல்லை. வழியில் கொல்லப்பட்டார். முப்பது வயசுகூட நிறையவில்லை. தேடிப் போக சாக்ட்லெபென் என்ற இன்னொரு சைக்கிள் பயணியைப் பத்திரிகை 1895-ல் அனுப்பியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பகுதியில் ஆர்மீனியர்கள் மீதான படுகொலைகள் தொடங்கின வருஷங்கள் அவை. ஊரே பயத்திலும் பகையிலும் இருந்த காலம்.

ரெண்டு பேருடைய கதையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நல்ல மெஷின் வெச்சிருந்தவர் லென்ஸ். உயிரோட வந்தவர் ஸ்டீவன்ஸ். லென்ஸ் ஏதோ தப்பு பண்ணினார்னு சொல்ல வரல. ஸ்டீவன்ஸ் தைரியமோ துப்பாக்கியோ மட்டும் அவரைக் காப்பாத்தலன்னு சொல்றேன். அவர் போன நேரத்துல, அந்த நாட்டு ஜனங்க அவரைக் கடந்து போக விட்டாங்க. சோறு போட்டு அனுப்பினாங்க. கதவைத் திறந்தவங்க அவங்க.

ஆனா அவர் எழுதின ரெண்டு பெரிய வால்யூம்கள்ல அந்த ஜனங்களைப் பல இடத்துல மட்டமா, காட்டுமிராண்டிகள் மாதிரிதான் எழுதியிருக்கார். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் திமிர் அவர்கிட்டயும் தாராளமா இருந்துச்சு. தயிரைக் குடிச்சிட்டு அப்படி எழுதியிருக்கார். படிக்கிறப்போ கோபம் வந்தது. ஆனா அந்த வரிகளுக்கு நடுவுலயே தயிர்க் கிண்ணமும் இருக்கு. தன்னையும் அறியாம சாட்சி சொல்லிட்டார்.

பிறகு ஆப்பிரிக்கா போனார், ரஷ்யாவில் குதிரையில் சுற்றினார். 1890-களில் இங்கிலாந்து திரும்பி, திருமணம் செய்து, லண்டனில் கேரிக் நாடக அரங்கின் மேலாளராக இருந்தார். 1935 ஜனவரி 24-ல் காலமானார். போப் கம்பெனி பத்திரமாக வைத்திருந்த அந்த சைக்கிள், இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்போடு உருக்கப் போய்விட்டது. இப்போ பார்க்கலாம்னா அது எங்கேயும் இல்லை.

இந்த செமஸ்டர் நாம எல்லாரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிட்டிருக்கோம். முதல் பக்கத்துல நன்றியுரைன்னு ஒண்ணு வரும். சீனியர் ஃபைலைத் திறந்து, பேரை மட்டும் மாத்தி ஒட்டுவோம். நானும் அப்படித்தான் ஒட்டி வெச்சிருந்தேன். ஸ்டீவன்ஸைப் படிச்சப்புறம் அந்தப் பக்கத்தை அழிச்சிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு லேப் சாவியைக் கொடுத்த அண்ணன் பேரிலிருந்து புதுசா எழுத ஆரம்பிச்சேன். ஒரு பக்கம் பத்தல.

உங்க பக்கத்துல யார் யார் பேர் வரும்? ஒரு தடவை எழுதிப் பாருங்க. அந்த ரீல் பயணம் நிஜமாவே அமைஞ்சா, அன்னைக்கு ஜீப் ஓட்டின அண்ணனோட பேரையும் கேட்டுட்டு வாங்க.