தேயிலைத் தந்தை ஜேம்ஸ் டெய்லர்

இலங்கைத் தேயிலையின் சுவையை அறியாத நாடு உலகில் அரிது. அத்தேயிலையை முதன்முதல் வாணிகப் பொருளாக்கிய தொழிற்சாலை எமது கண்டி மாவட்டத்திலேதான், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் எழுந்தது. அதனை எழுப்பியவரின் வரலாற்றை மலையக இளைஞராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஜேம்ஸ் டெய்லர் 1835ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி ஸ்கொத்லாந்திலே பிறந்தார். தந்தையார் வண்டிச் சில்லுகள் செய்யும் தச்சர். செல்வமோ செல்வாக்கோ இல்லாத குடும்பம். பதினேழு வயது நிரம்புமுன்னரே, 1852இன் தொடக்கத்தில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அன்னார் இலங்கை வந்து சேர்ந்தார். அதன்பின் தம் வாழ்நாள் முழுவதையும் லூல்கந்துரவுக்கே அளித்தார்.

அக்காலம் கோப்பியின் காலம். தேயிலைச் செடி 1839இலேயே பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டதெனினும், அதனைத் தொழிலாகக் கருதியோர் இலர். டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டு கழித்து, 1869இல், கோப்பியை இலைநோய் பற்றியது. சில ஆண்டுகளுள் தோட்டங்கள் பல பாழாயின. மலைநாட்டின் வாழ்வு அணைந்துவிடாமற் காத்தது அந்தப் 19 ஏக்கரில் முளைத்த அனுபவமேயாகும்.

அவருடைய முதல் தொழிற்சாலை எது தெரியுமா? அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தையே! கொழுந்தை மேசைமீது பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கைவரை அழுத்திக் கையாலேயே உருட்டினர். பின்னர் கம்பித் தட்டுகளில் இட்டு, களிமண் அடுப்பின் கரிநெருப்பிலே காய்ச்சினர். 1872இல் முழு வசதியுடைய தொழிற்சாலையை அமைத்து, கொழுந்து உருட்டும் பொறியொன்றையும் தாமே உருவாக்கினார். தச்சர் மகனல்லவா! 1873இல் இலண்டனுக்குச் சென்ற தேயிலை வெறும் 23 றாத்தல். 1874இல் விடுமுறை பெற்றபோதும் அவர் உல்லாசத்தை நாடவில்லை. தேயிலைத் தொழிலைக் கற்கவே டார்ஜிலிங் சென்றார். அதே ஆண்டிலே எமது நாவலப்பிட்டிக்குப் புகைவண்டிப் பாதையும் வந்தது. தோட்டங்களின் விளைபொருள் துறைமுகம் செல்ல வழி திறந்தது.

இத்தனை செய்தவருக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1892இல் தோட்ட உரிமையாளர் அவரைப் பதவியினின்றும் நீக்கினர். அவரோ தாம் ஆக்கிய தோட்டத்தை விட்டகல மறுத்தார். அவ்வாண்டு மே 2ஆம் திகதி வயிற்றுளைச்சலால் அங்கேயே உயிர் நீத்தார், வயது 57. பருத்த அவருடலை இருபத்துநான்கு தொழிலாளர் பன்னிருவர் பன்னிருவராக மாறிமாறிச் சுமந்து, கண்டி மகியாவை மயானம் வரை நடந்தனர். நிறுவனம் கைவிட்டவரைத் தொழிலாளர் தோள் கைவிடவில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திப்போமாக. அச்சுமை தூக்கியோர் பெயர்களை எக்கல்வெட்டும் தாங்கவில்லை. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடந்து, நோய்க்குப் பலரைப் பலிகொடுத்து மலையேறிய எம் மூதாதையரின் கரங்களின்றி டெய்லரின் கனவு நனவாகியிராது. அவர்தம் வழித்தோன்றல்கள் 1948இல் குடியுரிமையை இழந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்குறை தீர்ந்தது. அத்தனை இடருக்குமிடையே அவர்கள் கொழுந்து கொய்வதை நிறுத்தினாரில்லை.

அன்று 23 றாத்தலாயிருந்த பண்டம் 2023இல் 25 கோடி கிலோகிராமுக்கு மேல் உற்பத்தியாயிற்று. ஆயின், இத்தொழில் இனியும் வளருமா என்னும் வினாவுக்கு விடை பொறிகளில் மட்டும் இல்லை. லயத்து இளைஞர் பலர் தோட்டத்தைத் துறந்து கொழும்பை நாடுகின்றனர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. உழைப்புக்கேற்ற ஊதியமும், குடியிருக்கச் சொந்த வீடும், தொழிற்சாலையில் உயரும் வாய்ப்பும் உள்ள இடத்திலேயே இளைஞர் நிலைப்பர். பழம்பெருமையை மட்டும் பேசி, உழைப்போரை மறக்கும் தொழில் ஓங்காது.

இளைஞர்காள்! டெய்லர் பட்டம் பெற்றவரல்லர். பார்த்தும் செய்தும் பிழைதிருத்தியும் கற்றவர். நாமும் கொழுந்தின் இயல்பையும் பொறியின் நுட்பத்தையும் சந்தையின் போக்கையும் கற்போம். எம் பாட்டனார் பறித்த இலையை ஆக்கவும் விற்கவும் வல்லவராவோம். கூடை சுமந்த குலம் தொழிற்சாலையை நடத்தும் நாளே, பெயர் தெரியாத அந்த இருபத்துநான்கு பேருக்கும் நாம் எழுப்பும் நினைவுக்கல்லாகும்.