ஆறு புள்ளிகள்

பாரிசுக்கு அருகிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809இல் பிறந்தார் லூயி பிரெயில். மூன்று வயதில், பட்டறையிலிருந்த கூரிய கருவியொன்று அவர் கண்ணில் பாய்ந்தது. நோய் மறுகண்ணுக்கும் பரவப் பார்வை முற்றும் போயிற்று.

1819இல் பாரிசின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் எழுத்துகள் புடைத்திருந்தன, தடவிப் படிக்கலாம், அதுவும் மெல்லத்தான், எழுதவோ வழியில்லை. படைத்துறையைச் சார்ந்த பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையும் விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அதனை ஆறாகக் குறைத்து, ஒரு தொடுகையில் ஓர் எழுத்து விளங்குமாறு பிரெயில் அமைத்தபோது அவருக்கு வயது 15தான்! பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். இசைக்குறிகளையும் அப்புள்ளிகளில் வகுத்தார்.

மாணவர் விரும்பிய அம்முறையைப் பள்ளி எளிதில் ஏற்கவில்லை. 1852இல் காசநோயால் அவர் மறைந்தார். பள்ளி அதனை முறைப்படி ஏற்றது 1854இல்.