பனிக்கடலை வரைந்தவர், நாடற்றவர்களுக்குக் கடவுச்சீட்டு தந்தவர்

நோர்வே என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் 2002 போர்நிறுத்த உடன்படிக்கைதான் நினைவுக்கு வரும். அல்லது அந்நாட்டின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து குடும்பத்தை நிமிர்த்திய உறவினர் ஒருவர் நினைவுக்கு வருவார். எனக்கு ஃபிரித்யோஃப் நான்சன் என்ற பெயரும் சேர்ந்தே வருகிறது. போர்க்காலத்தில் நுகேகொடையில் ஒரு வாடகை அறையில் இருந்தவன் நான். வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ போவதென்றாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கின்றனவா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தே வீதியில் இறங்குவேன். காகிதத்தின் பெறுமதி தெரிந்தவர்கள் இவரையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்சன் 1861 ஒக்ரோபர் 10 இல் இன்றைய ஒஸ்லோவுக்கு அருகே பிறந்தார். விலங்கியல் படித்து, நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காக 1888 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஐந்து தோழர்களுடன் பனிச்சறுக்குப் பலகைகளில் கிறீன்லாந்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அதற்கு முன் எவரும் அதன் உட்பகுதியைக் கடந்ததில்லை.

சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கிய ஒரு கப்பலின் சிதைவுகள் மூன்று ஆண்டுகளின் பின் கிறீன்லாந்துக் கரையில் ஒதுங்கியிருந்தன. அப்படியானால் பனிப்பரப்பே துருவக்கடலைக் கடந்து நகர்கிறது என்று அவர் கணித்தார். பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலெழும்படி ஃபிராம் என்ற கப்பலைக் கட்டுவித்தார். 1893 இல் தன்னையும் சேர்த்து 13 பேருடன் புறப்பட்டு, கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1895 இல் ஹியால்மார் யொஹான்சனுடன் கப்பலை விட்டிறங்கி, நாய்வண்டிகளில் வடக்கு 86 பாகை 14 கலை வரை சென்றார். அதுவரை எவரும் எட்டாத தூரம் அது. திரும்பும் வழியில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிலில் இருவரும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1896 இல் 13 பேரும் உயிருடன் நாடு திரும்பினார்கள்.

ஆழமற்றது என்று பலர் நம்பிய துருவக்கடல் 3000 மீற்றருக்கும் மேல் ஆழமானது என்பதை அந்தப் பயணம் காட்டியது. பனி, காற்று வீசும் திசைக்குச் சற்று வலப்புறமாக விலகி நகர்வதையும் நான்சன் குறித்துவைத்தார். அதிலிருந்தே கடல் நீரோட்டம் பற்றிய எக்மனின் கோட்பாடு 1905 இல் பிறந்தது.

நான்சன் ஓவியரும்கூட. துருவ ஒளியையும் மாதக்கணக்கில் நீளும் இரவையும் வண்ணங்களில் வரைந்து, 1897 இல் வெளிவந்த பயண நூலில் சேர்த்தார். வெறும் வெள்ளை என்று எண்ணப்பட்ட அந்த உலகத்தின் நிறங்களை ஐரோப்பிய வாசகர்கள் அதில் பார்த்தார்கள்.

அந்தப் புகழால்தான் பின்னாளில் அரசுகள் அவரது பேச்சைக் கேட்டன. முதலாம் உலகப் போரின் பின், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் போர்க்கைதிகளை வீடு சேர்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் திரும்பினார்கள். 1921 இல் அவர் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையாளரானார். குடியுரிமை இழந்த அவர்களுக்காக 1922 இல் நான்சன் கடவுச்சீட்டு உருவானது. 1924 இல் ஆர்மேனியர்களுக்கும் விரிந்தது. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபக்கோவும் அதை வைத்திருந்தவர்களே. 1922 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

அவரைத் தெய்வமாக்கத் தேவையில்லை. 1923 இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட கட்டாய மக்கள் பரிமாற்றத்தை முன்மொழிந்தவர்களில் அவரும் ஒருவர். சொந்த ஊரை இழந்த இலட்சக்கணக்கானோரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இடப்பெயர்வை அனுபவித்த எவராலும் அதை இலேசாகக் கடந்துவிட முடியாது.

1930 மே 13 இல் நான்சன் காலமானார். 1951 அகதிகள் சாசனத்தின் பயண ஆவணம் அவரது கடவுச்சீட்டின் வழிவந்ததுதான். அந்தச் சாசனத்தில் இலங்கை இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஆனால் புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் பலர் அந்த ஆவணத்துடன்தான் விமானமேறினார்கள். அதைக் காட்டி எத்தனையோ நாடுகளுக்குப் போகலாம். பிறந்த ஊருக்கு மட்டும் போக முடியாது.